பின்விளக்குக்கு ஏற்ற பசை

எங்கள் அலுவலகத்தின் வேலை, வண்டிகளைப் பார்த்து இது சாலையில் ஓடத் தகுதியானது, இது தகுதியற்றது என்று சொல்வது. மனிதர்களைப் பார்த்தும் அப்படிச் சொல்லும் அதிகாரத்தை எங்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் முதல் நாளே எங்களையே வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்திருக்கும் என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நான் அங்கே சான்றிதழ்ப் பிரிவில் எழுத்தர். முத்திரை குத்துவது என் பணி. எதன் மேல் குத்துகிறேன் என்று பார்ப்பது என் பணியில் சேராது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. உங்கள் அலுவலகத்திலும் ஒருவன் இப்படித்தான் இருப்பான்.

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பரிசீலனை. எதைக் கேட்டாலும் "பரிசீலிப்போம்" என்பார். "டீ கொண்டுவரட்டுமா சார்?" என்று கேட்டாலும் பரிசீலிப்பார். பரிசீலித்து முடிப்பதற்குள் கேன்டீனைப் பூட்டிவிடுவார்கள். நல்ல மனிதர்தான். கெடுதல் செய்வதென்றாலும் பரிசீலிக்க வேண்டுமே, அதனால் பலர் தப்பித்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பரிசீலனையே கிடையாது. அது பின்விளக்கு. "பின்விளக்கு என்பது ஒரு வாகனத்தின் மனசாட்சி" என்று அவர் ஒரு கூட்டத்தில் பேசியதை அச்சடித்து வாசலில் மாட்டியிருந்தோம். விளக்கில் ஒரு கீறல் இருந்தாலும் வண்டி தகுதியற்றது. அன்று காலைகூடப் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மா ஒருவரைத் திருப்பி அனுப்பினார்.

"தலைமுடி அளவுக்குத்தான் சார் கீறல். லைட்டு நல்லா எரியுது, வேணும்னா போட்டுக் காட்டறேன்."

"இன்னைக்குத் தலைமுடின்னு விட்டா, நாளைக்கு ஜடையா வந்து நிப்பீங்க. புது விளக்கு மாட்டிட்டு வாங்க."

வேன்கார அம்மா வேனைத் திருப்பிக்கொண்டு போனார். அலுவலகமே மேலதிகாரியின் நேர்மையை மெச்சியது. மதியம் அவருடைய காரின் பின்விளக்கு உடைந்தது.

உடைத்தது என் தங்கையின் கணவர். மாப்பிள்ளைதான் மேலதிகாரியின் கார் ஓட்டுநர். தற்காலிக ஓட்டுநர். தற்காலிகம் என்றால், கல்யாணத்தின்போது தற்காலிகம், குழந்தை பிறந்தபோது தற்காலிகம், குழந்தை பள்ளிக்கூடம் போய் "அப்பாவின் வேலை?" என்ற கேள்விக்குப் பதில் எழுதியபோதும் தற்காலிகம். இந்தத் தடவைதான் பெயர் பட்டியலில் ஏறியிருந்தது. பணிக்காலத்தில் விபத்து ஏதும் இல்லை என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு. தங்கை என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "அந்த ஆபீஸ்ல சேத்துவிட்டது நீதான். அவருக்குப் பர்மனென்ட் ஆகலைன்னா அண்ணன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி மிதிக்காதே."

நடந்தது இதுதான். மாப்பிள்ளை காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். மேலதிகாரி பின்னால் நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "வா… வா… இன்னும் வா…" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மேலதிகாரி வரச் சொன்னால் தற்காலிக ஊழியர் வராமல் இருக்க முடியுமா? வந்தார். வாசல் தூணில் இடது பின்விளக்கு படாரென்று மோதியது.

இருவரும் கொஞ்ச நேரம் விளக்கைப் பார்த்தார்கள். பிறகு மேலதிகாரி, "நான் இங்க நிக்கவே இல்லை" என்றார்.

"ஆமா சார்" என்றார் மாப்பிள்ளை. அப்படி அவர் ஒத்துக்கொண்டதில்தான் அவருடைய பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் எங்கள் அலுவலக விதி ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கை மாற்றினால், ஏன் மாற்றினாய் என்று விபத்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை எழுதினால் யார் நின்றது, யார் வரச் சொன்னது எல்லாம் வரும். மாப்பிள்ளையின் நிரந்தரம் போகும், மேலதிகாரியின் மானம் போகும். ஆனால் அதே விளக்கை ஒட்டினால், அது பராமரிப்பு. பராமரிப்புக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஆகவே ஒட்டுவது என்று முடிவாயிற்று. எதை வைத்து ஒட்டுவது என்பதுதான் பாக்கி.

ஸ்டோர் கீப்பர் ஒரு கோந்து பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டுகிற கோந்து.

"இது காகிதத்துக்குங்க" என்றேன்.

"ஸ்டாக்குல ஒட்டுப்பொருள்னு இருக்கறது இதுதான். ஸ்டாக்குல ஒட்டுப்பொருள் இருக்கும்போது வெளியில ஒட்டுப்பொருள் வாங்க முடியாது. விதி."

"ஒட்டாதே."

"ஒட்டலைன்னு இதுவரைக்கும் ஒரு புகாரும் வந்ததில்லை."

கோந்தைத் தடவி ஒட்டினோம். மறுநாள் மாப்பிள்ளை கார் கழுவியபோது கோந்து தண்ணீரோடு போனது, சிவப்புத் துண்டு அவர் கையோடு வந்தது.

அப்புறம் நான் தலையிட்டேன். தங்கை கணவராயிற்றே. கடையில் சின்ன டியூப் ஒன்று வாங்கினேன். ஒரு சொட்டுப் போதும், யானையைக் கட்டித் தொங்கவிடலாம் என்று அட்டையில் படம் போட்டிருந்தான். ஒட்டியது என்னவோ உடனே ஒட்டியது. முதலில் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டின, பிறகு விளக்கு. காலையில் பார்த்தால் விரிசலைச் சுற்றிலும் வெள்ளையாகப் புகை படிந்து, சிவப்பு விளக்குக்குக் கண்புரை வந்த மாதிரி இருந்தது. தெருமுனை வேகத்தடை வரைக்கும் தாங்கியது. வேகத்தடையில் தூக்கிப் போட்டதும் பட்டென்று விட்டுவிட்டது. அந்தப் பசைக்குக் குலுக்கல் ஆகாதாம். குலுங்காத வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்று அதைச் செய்தவனைத்தான் கேட்க வேண்டும்.

"தனிப்பட்ட முயற்சிகள் இனி வேண்டாம்" என்றார் மேலதிகாரி. "முறைப்படி ஒரு குழு போடுவோம்."

வாகன விளக்கு நெகிழிப் பாகங்களுக்கான ஒட்டுப்பொருள் தேர்வுக் குழு அப்படித்தான் உருவானது. தலைவர், மேலதிகாரி. உறுப்பினர்கள், வண்டிகளைச் சோதிக்கும் ஆய்வாளரும் ஸ்டோர் கீப்பரும். நான் குறிப்பெடுப்பவன். குழு என்று ஒன்று வந்துவிட்டால் நம்மவர்களுக்கு எங்கிருந்துதான் அறிவு பொங்குமோ தெரியாது.

"ரெண்டு டியூப் கலந்து போடறதுதான் சரி" என்றார் ஆய்வாளர். "எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியே அதுலதான் நிக்குது."

"கலக்கறதுன்னா, யாரு கலக்கறது?" என்றார் ஸ்டோர் கீப்பர். "அப்புறம் கலக்கறதுக்கு ஒரு போஸ்ட் கேப்பாங்க. பைப்புக்குப் போடற சிமென்ட்டு இருக்கு. பிளாஸ்டிக்கையே உருக்கிச் சேத்துடும்."

"உருக்கிட்டா அப்புறம் விளக்கு எங்க இருக்கும்?"

"சேந்து இருக்கும்."

கதவோரம் நின்றிருந்த மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "சார், முன்னாடி சிவப்பா இருக்கறது ஒரு பிளாஸ்டிக்கு, பின்னாடி கறுப்பு டப்பா வேற பிளாஸ்டிக்கு போல. டப்பா மெழுகு மாதிரி வழுக்குது. பின்பக்கம் என்ன பிளாஸ்டிக்குன்னு எழுத்து போட்டிருக்கான். அதைப் பாத்துட்டா எந்தப் பசைன்னு தெரிஞ்சிடும்."

மேலதிகாரி பரிசீலித்தார். "எழுத்தைப் பாக்கணும்னா விளக்கைக் கழட்டணும். கழட்டறது மாத்தறதுல சேரும். மாத்தினா அறிக்கை எழுதணும். அதனால பாக்காமலே கண்டுபிடிப்போம்."

பிறகு உதிரிபாகக் கடைக்காரரை நிபுணராக அழைத்தார்கள். அவர் ரெண்டு டியூப் என்றதற்கும் ஆமாம் என்றார், பைப் சிமென்ட் என்றதற்கும் ஆமாம் என்றார், மேலதிகாரி யோசனையாகத் தலையைச் சொறிந்தபோது அதற்கும் ஆமாம் என்றார். "உங்களுக்கு எது வேணுமோ அதுதாங்க சரியான பசை. எல்லாமே கடையில இருக்கு" என்று முடித்தார். இவ்வளவு தெளிவான நிபுணரை நான் பார்த்ததில்லை.

எல்லாப் பசையையும் சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானம். அங்கேதான் மேலதிகாரி தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த கேள்வியைக் கேட்டார்.

"ஒரே விரிசல்ல எல்லாப் பசையையும் போட்டா, எது ஒட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?"

நான் கேள்வியைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

"ஆக, ஒவ்வொரு பசைக்கும் தனித்தனி விரிசல் வேணும். ஒரு பசைக்குப் பெரிய விரிசல், இன்னொண்ணுக்குச் சின்ன விரிசல்னு பாரபட்சமும் இருக்கக் கூடாது."

அலுவலக வளாகத்தில் நின்றிருந்த வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தினோம். ஜீப், வேன், ஆய்வாளரின் மோட்டார் சைக்கிள், ஒன்றையும் விடவில்லை. ஆய்வாளர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். வண்டிகளைத் தகுதியற்றதாக்கி அவருக்கு நல்ல பழக்கம். ஒவ்வொரு விளக்கிலும் அளவாக ஒரு தட்டு. நான் குறிப்பில் "விரிசல்கள் சமமாக வழங்கப்பட்டன" என்று எழுதினேன்.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெண்டு டியூப் கலந்தது பிடித்தது, ஆனால் அது காய்வதற்குள் துண்டு நழுவி ஒரு பக்கமாக இறங்கி, அப்படியே இறுகி, வெயிலில் மஞ்சளாகிவிட்டது. பைப் சிமென்ட் சொன்னபடியே உருக்கியது. சேர்ந்தும் இருந்தது. ஆனால் விளக்குப் பூராவும் சிலந்தி வலை மாதிரி புதிதாகக் கீறல்கள் கிளம்பின. சூடு பண்ணி ஊற்றுகிற பசை பகலெல்லாம் பாறை மாதிரி இருந்தது, இரவில் விளக்கைப் போட்டதும் அந்தச் சூட்டிலேயே ஒழுகிவிட்டது. ஜன்னல் இடுக்கில் அடைக்கிற ரப்பர் பசை தண்ணீரை உள்ளே விடவில்லை, துண்டையும் பிடித்து வைக்கவில்லை. கறுப்பு டப்பாவில் எதைத் தடவினாலும் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஏதோ ஒரு பசை ஏதோ ஒரு பிளாஸ்டிக்குக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். எழுத்தைப் பார்க்காமல் அது எது என்று சொல்ல முடியவில்லை. எழுத்தைப் பார்க்க விதி இல்லை.

இந்த நேரத்தில்தான் வேன்கார அம்மா புது விளக்கு மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வளாகத்தில் நின்ற எங்கள் வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்றில் கண்புரை, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிலந்தி வலை.

"ஏன் சார், இதெல்லாம் எப்படி ஓடுது?" என்று சத்தமாகவே கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மேலதிகாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு முன்னால் இரண்டே வழி இருந்தது. அலுவலக வண்டிகளுக்குத் தகுதி இல்லை என்று சொல்ல வேண்டும், அல்லது விரிசலுக்குத் தகுதி உண்டு என்று சொல்ல வேண்டும். எந்த அதிகாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றறிக்கை அன்று மாலையே வந்தது.

"விரிசலடைந்து ஒட்டப்பட்ட விளக்கு, தாக்குதலைத் தாங்கி மீண்டதென நிரூபிக்கப்பட்ட விளக்காகும். விரிசலே அடையாத விளக்கின் உறுதி இதுவரை நிரூபிக்கப்படவில்லை. எனவே இனி ஒட்டப்பட்ட விளக்குள்ள வாகனங்களுக்கு மட்டுமே தகுதிச் சான்று வழங்கப்படும்."

நான் முத்திரை குத்தினேன். படித்துவிட்டுத்தான் குத்தினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வேன்கார அம்மா புத்தம் புது விளக்கோடு நின்றார். "இதுல ஒட்டே இல்லையேம்மா" என்று ஆய்வாளர் திருப்பி அனுப்பினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் விளக்கைப் போய்ப் பார்த்துக்கொண்டார்கள்.

மக்கள் எதிர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? நம்மை நமக்குத் தெரியாதா என்ன. ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். அடுத்த வாரம் உதிரிபாகக் கடையில் "இங்கு நல்ல முறையில் விரிசல் போட்டு ஒட்டித் தரப்படும்" என்று பலகை தொங்கியது. முதலில் சான்றிதழுக்காகப் போட்டார்கள். அப்புறம் அழகுக்காகப் போட ஆரம்பித்தார்கள். மின்னல் மாதிரி விரிசல், இலை நரம்பு மாதிரி விரிசல், கணவன் மனைவி பெயரின் முதல் எழுத்துக்களை வைத்து விரிசல். என் எதிர்வீட்டுக்காரர் தன் காரைக் காட்டி, "வெளியூர்ல போட்டது. கையாலயே தட்டினாங்க, மெஷின் இல்லை" என்றார். அவர் மனைவி, பக்கத்து வீட்டு விரிசல் இதைவிடப் பெரிது என்று அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. முழு விளக்கோடு தெருவில் போகிறவனைப் பார்த்து, "பாவம், என்ன கஷ்டமோ" என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் மாப்பிள்ளையின் நாள் வந்தது. நிரந்தரம் ஆகும் ஓட்டுநர் தன் வண்டியைப் பார்வைக்கு நிறுத்த வேண்டும். நிறுத்தினார். மேலதிகாரி, குழு, நான், எல்லாரும் பின்பக்கம் போனோம். தங்கையும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நின்றிருந்தாள்.

கார் பளபளவென்று நின்றது. பின்விளக்கு இரண்டும் முழுசாக இருந்தன.

"விரிசல் எங்கே?" என்றார் மேலதிகாரி.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "புதுசு மாட்டிட்டேன் சார். என் சொந்தச் செலவுல. சுற்றறிக்கை வர்றதுக்கு முன்னாடியே மாட்டிட்டேன். அப்புறம் யாரும் பின்பக்கம் வந்து பாக்கலை."

"யாரைக் கேட்டு?"

"பின்னாடி வர்றவனுக்கு நான் பிரேக் போடறது தெரியணுமே சார்."

இப்படி ஒரு பதிலை எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அதற்கு எந்தப் பிரிவில் நடவடிக்கை எடுப்பது என்று ஆய்வாளர் குழம்பினார். ஸ்டோர் கீப்பர்தான் வழி கண்டார். விரிசல் விழுந்தது அரசாங்க விளக்கில், ஆகவே விரிசலும் அரசாங்கச் சொத்து. அதை அனுமதியின்றி அப்புறப்படுத்தியது குற்றம்.

எனக்கு வேலிப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. "சார், குடும்பஸ்தன். பரிசீலிக்கணும்" என்று கையைப் பிசைந்தேன்.

அந்த வார்த்தை அவரைத் தொட்டது. வெகுநேரம் பரிசீலித்தார். "விரிசல் பழைய இடத்துலயே திரும்ப வந்துட்டா, காணாமப் போனதா சொல்ல முடியாது. அதே தூண். அதே ஓட்டுநர். பின்னாடி எடுக்கட்டும்."

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். பின்னால் நின்று சொல்வதற்கு ஆள் வேண்டுமே. மேலதிகாரி ஒதுங்கிக்கொண்டார். அவர்தான் அன்றும் அங்கே நிற்கவே இல்லையே. என்னை நிற்கச் சொன்னார்கள்.

"வா… வா…" என்றேன்.

கார் வந்தது. தூணுக்கு ஒரு விரல் இடைவெளியில், வெண்ணெய் மாதிரி வந்து நின்றது. அப்படி ஒரு சுத்தமான ரிவர்ஸை நான் பார்த்ததில்லை.

"இன்னும் வரலாமே" என்றார் மேலதிகாரி.

மறுபடி முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தார். மறுபடி அதே ஒரு விரல். "கால் தானா பிரேக்குக்குப் போயிடுது சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுகிற குரல்.

"மோதத் தெரியாத ஆளை எப்படி ஓட்டுநரா நிரந்தரம் பண்றது?" என்று ஆய்வாளர் கவலைப்பட்டார்.

"சரி, தள்ளுங்க" என்றார் மேலதிகாரி.

அலுவலகமே முன்பக்கம் போய்க் கை வைத்தது. நகரவில்லை. வரிசையில் நின்ற பொதுமக்களைப் பார்த்து, "இது முடிஞ்சாதான் உங்க வேலை" என்றார் ஸ்டோர் கீப்பர். அவ்வளவுதான், வரிசை மொத்தமும் ஓடி வந்தது. எதற்குத் தள்ளுகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேன்கார அம்மா கைப்பையை வாயில் கவ்விக்கொண்டு தள்ளினார். என் தங்கையும் குழந்தையை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்து தள்ளினாள்.

சரளைக்கல் தரை. டயர் சுற்றாமலே இழுபட்டு வந்தது. பின்விளக்கு இரண்டும் செக்கச்செவேலென்று எரிந்தன. அந்த வெளிச்சம் என் சட்டையெல்லாம் பட்டது. எங்கள் அலுவலக வண்டிகளிலேயே உருப்படியான விளக்கு அந்த இரண்டுதான். பின்னால் நின்றவன் நான். மாப்பிள்ளை பிரேக் போட்டிருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"வா… வா… இன்னும் வா…" என்றேன்.

படாரென்றது. இடது விளக்கு அணைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

நிரந்தர ஆணை உடனே தயாரானது. மாப்பிள்ளையின் புகைப்படத்தை அதில் ஒட்ட ஸ்டோர் கீப்பர் அதே கோந்து பாட்டிலைத் திறந்தார். இந்தத் தடவை கோந்து அருமையாகப் பிடித்தது. இனி ஓய்வு பெறும்வரை ஆளை அதிலிருந்து பிரிக்க முடியாது. நான் முத்திரை குத்தினேன். மாப்பிள்ளை ஆணையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க நின்ன பக்கம் வெளிச்சம் வந்துச்சா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

"வெயில்ல சரியாத் தெரியலை மாப்ளே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தங்கை என்னைப் பார்த்து ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள். "சாயங்காலம் வீட்டுக்கு வா அண்ணா" என்றாள்.

வெளியே வந்தேன். யாரும் கலைந்து போயிருக்கவில்லை. வேன்கார அம்மா தன் வேனைத் தூணுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது.

"சார், நீங்கதான் நல்லா வா வான்னு சொல்றீங்க" என்றார். "எனக்கும் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க. பசங்க பள்ளிக்கூடம் விடற நேரம் ஆச்சு."

நான் போய்த் தூணோரம் நின்றேன்.